ஹோப் காலேஜ் ஸ்டாப்பிங்

கே.கே. நகர் ஆர்ச்சுல இருந்து மாட்டுத்தாவணி நடக்கிற தூரம்தான். ஆனா கோயம்புத்தூர் போகணும்னா அது உதவாது. டவுன் பஸ் பிடிச்சு, கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி, ஆரப்பாளையம் போய்த்தான் ஏறணும். போன வருஷம் ஒரு சிம்போசியத்துல பேப்பர் பிரசன்ட் பண்ண அப்படித்தான் கிளம்பினோம். திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியா உக்கடம். அங்கிருந்து அவிநாசி ரோட்டில் டவுன் பஸ். பீளமேடு தாண்டியதும் கண்டக்டர் 'ஹோப் காலேஜ் எல்லாம் இறங்கு' என்று கத்தினார். இறங்கினோம். எந்தப் பக்கம் அந்தக் காலேஜ் என்று டீக்கடையில் கேட்டால், கடைக்காரர் சிரிக்கிறார். அந்தப் பெயரில் அங்கே காலேஜே கிடையாதாம். ஸ்டாப்பிங் மட்டும்தான் இருக்காம்.

இல்லாத காலேஜ் பெயரில் ஒரு ஊரே பஸ் ஏறி இறங்குது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதைத் தோண்டப் போனபோதுதான் ஜி.டி. நாயுடு வந்தார். அதுவரை எனக்கு அவரைத் தெரிந்தது ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு அளவுக்குத்தான்: மூணாங்கிளாஸ் படிச்சவர், நூறு கண்டுபிடிப்பு, இந்தியாவின் எடிசன். அரியர் வச்சிருக்கிற ஒவ்வொருத்தனும் ஸ்டேட்டஸ்ல ஒரு தடவையாவது அவரைப் போட்டிருப்பான். நானும் போட்டிருக்கேன், தெர்மோ ரிசல்ட் வந்த அன்னைக்கு. ஆனா அந்த ஸ்டாப்பிங்கின் கதை தெரிஞ்ச பிறகு அந்த ஸ்டேட்டஸ் கொஞ்சம் உறுத்துது. ஏன்னு சொல்றேன்.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவைக்குப் பக்கத்தில், சூலூரை ஒட்டிய கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்கு ஒட்டவே இல்லை. ஆசிரியர் மேல் மண்ணை அள்ளி வீசிவிட்டு ஓடினார் என்று ஒரு கதை இன்றும் அந்தப் பக்கத்தில் சொல்கிறார்கள். எப்படியோ, மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு வயல், தோட்டம்.

வாலிப வயதில் அந்த ஊர்ப் பக்கம் ஒரு வெள்ளைக்கார வருவாய்த்துறை அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். ரட்ஜ் கம்பெனி வண்டி. மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஓடுகிற ஒன்றை நாயுடு அப்போதுதான் பார்க்கிறார். நமக்கு இது புரியக் கொஞ்சம் கஷ்டம். பிறந்த நாளிலிருந்து டி.வி.எஸ். ஃபிஃப்டி சத்தம் கேட்டு வளர்ந்தவங்க நாம. அவருக்கு அந்த வண்டி வேணும் என்பதைவிட, அது எப்படி ஓடுது என்று தெரியணும். அதற்காக வீட்டை விட்டுக் கோவைக்கு வந்து ஒரு ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். காசு சேர்த்தார். ஏறத்தாழ 300 ரூபாய் சேர்ந்ததும் அதே ரட்ஜ் வண்டியை வாங்கினார். வாங்கி ஊரைச் சுற்றவில்லை. நட்டு நட்டாகக் கழற்றிப் போட்டார். திரும்ப மாட்டினார்.

இந்த இடத்தில் மெக்கானிக்கல்காரங்க கொஞ்சம் நிற்கணும். அந்தக் கால ரட்ஜில் இருந்தது ஒற்றை சிலிண்டர், பெல்ட் டிரைவ், கார்புரேட்டர், தீப்பொறிக்கு மேக்னட்டோ. இன்றைக்கு நம் லேபில் ஒரு கட்-செக்‌ஷன் மாடல் நிற்கும். ஒவ்வொரு பாகத்துக்கும் பெயின்ட் அடித்து, பெயர் ஒட்டி இருக்கும். அதைப் பார்த்து ரெக்கார்டு நோட்டில் படம் வரைவோம். அவருக்குப் பெயர் ஒட்டிய மாடல் இல்லை, மேனுவல் படிக்க ஆங்கிலம் இல்லை, தப்பாக மாட்டினால் சொல்லித்தர ஆள் இல்லை. ஆனால் தப்பாக மாட்டினால் வண்டி கிளம்பாது. அந்த ஒரே ஒரு வைவாதான் அவருக்கு.

அதன் பிறகு நேராக வெற்றி வந்துவிடவில்லை. ஃபார்வர்டுகளில் இந்தப் பகுதி எப்பவும் காணாமல் போயிடும். திருப்பூரில் பருத்தி அரைவை வைத்தார். முதல் உலகப் போர் நேரம், நல்ல லாபம். அந்தத் தைரியத்தில் பம்பாய் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கிருந்த பெரிய கைகளுக்கு முன் நிற்க முடியவில்லை. சம்பாதித்ததை விட்டுவிட்டுத் திரும்பி வந்தார்.

கோவையில் அப்போது ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேயத் தொழிலதிபர் இருந்தார். ஸ்டேன்ஸ் பள்ளியைத் தொடங்கியவர். அவர் கைகொடுத்ததால் நாயுடுவுக்கு ஒரு பஸ் கிடைத்தது. 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அதை ஓட்டத் தொடங்கினார். ஓட்டினார் என்றால் ஆள் வைத்து அல்ல. ஸ்டியரிங்கில் அவரே உட்கார்ந்தார். 60 கிலோமீட்டர் சொச்சம் தூரம். நாங்க ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டுக்கிட்டுப் போனோமே, அதே ரோடு. அன்றைக்குத் தார் கிடையாது, வழியில் டயர் வெடித்தால் தூக்கிக் கொடுக்க ஒர்க்‌ஷாப் கிடையாது. முதலாளி, டிரைவர், மெக்கானிக் மூணும் ஒரே ஆள்.

அந்த ஒரு பஸ்தான் பிறகு யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. யு.எம்.எஸ். என்றால் கொங்கு நாட்டுப் பெரியவர்களுக்கு இன்றும் தெரியும். 1930-களில் 200-க்கும் மேற்பட்ட பஸ்கள். நம்ம ஊர்க்காரங்க ஒரு நியாயமான கேள்வி கேட்பீங்க: பஸ் என்றால் முதலில் மதுரைதானே? ஆமாம். டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912 வாக்கிலேயே மதுரையில் பஸ் ஓட்டத் தொடங்கிவிட்டார். அவர் வழி வேறு. பஸ்ஸிலிருந்து வண்டி விற்பனை, உதிரிபாகம் என்று அடுத்தடுத்துக் கட்டப்பட்ட பெரிய வியாபாரக் குடும்பம் அது. நாயுடுவுக்கு ஒன்றில் நிலைத்து நிற்கும் குணம் குறைவு. ஒரு பொருள் ஓடத் தொடங்கியதும் அவர் கண் அடுத்ததுக்குப் போயிடும். இதைப் பெருமையாகவும் சொல்லலாம், குறையாகவும் சொல்லலாம். எனக்கு ரெண்டும் உண்டு.

பஸ்கள் பெருகினால் ஒர்க்‌ஷாப் வேண்டும். ஒர்க்‌ஷாப் இருந்தால் லேத் இருக்கும், லேத் ஓட்டத் தெரிந்த பையன்கள் இருப்பார்கள். அந்த நேரத்தில்தான் கோவை வட்டாரத்தின் முகமே மாறிக்கொண்டிருந்தது. 1930-களின் தொடக்கத்தில் நீலகிரியின் பைக்காரா மின்சாரம் சமவெளிக்கு இறங்கியது. அதுவரை கிணற்றில் கவலை கட்டி, மாடு பூட்டித் தண்ணீர் இறைத்த விவசாயிக்கு மோட்டார் தேவைப்பட்டது. வரிசையாக முளைத்த நூல் மில்களுக்கும் மோட்டார் தேவை. எல்லாம் கப்பலில்தான் வரணும். 1937-ல் பீளமேட்டில், நேஷனல் எலக்ட்ரிக் ஒர்க்ஸில், டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து உள்நாட்டிலேயே ஒரு மின்மோட்டாரைச் செய்து ஓட்டிக் காட்டினார். இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அந்தப் பாலசுந்தரம்தான் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

மோட்டார்தானே, காயில் சுத்தினா போச்சு என்று ட்ரிபிள் ஈ நண்பர்கள் நினைக்கலாம். சுத்துவது பாதி வேலைதான். ஸ்டேட்டருக்கும் ரோட்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளி சின்ன மோட்டாரில் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அது சுற்றளவு முழுக்க ஒரே மாதிரி இருக்கணும். ஷாஃப்ட் கொஞ்சம் கோணினாலோ, பேரிங் இருக்கை கொஞ்சம் தள்ளினாலோ ரோட்டர் போய் உரசும். ஆக, அந்த மோட்டார் முதலில் ஒரு லேத் வேலை. கோவையில் அந்த அளவு துல்லியமாகக் கடையத் தெரிந்த கைகள் அப்போதே இருந்தன என்பதற்கு அது அத்தாட்சி. இன்றைக்கும் நம்ம ஊர் பம்புசெட்டின் நேம் பிளேட்டைத் துடைத்துப் பாருங்க, கோயம்புத்தூர் என்று இருக்க வாய்ப்பு அதிகம்.

அவர் செய்தவை என்று சொல்லப்படும் பட்டியல் நீளமானது. உலர் பேட்டரியில் ஓடும் ராசன்ட் என்ற சவரக் கருவி. ரொம்ப மெல்லிய சவர பிளேடு. பழச்சாறு பிழியும் கருவி. மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி. தில்லுமுல்லு செய்ய முடியாத வாக்குப்பதிவு இயந்திரம். இதில் ஓட்டு மெஷின் எனக்குப் பிடித்தது. ஏன்னா மாகாணத் தேர்தலில் நின்று தோற்றவர் அவர். தோற்ற ஆள் ஒரு இயந்திரத்தைச் செய்து காட்டுவது எல்லாருக்கும் வராது. நடுவில் ஐரோப்பா போனார், லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் படம் பிடித்தார். கேமரா பைத்தியம் வேறு.

என்னை அதிகம் யோசிக்க வைத்தவை ரெண்டு பொருள், ரெண்டிலும் விலைதான் விஷயம். 1941-ல் ஐந்து வால்வு ரேடியோ ஒன்றை 70 ரூபாய்க்குத் தர முடியும் என்று சொல்லிச் செய்தார். 1952-ல் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார், 2,000 ரூபாய். ரெண்டிலும் அவர் புதிதாக ஒரு தத்துவத்தைக் கண்டுபிடிக்கவில்லை; ரேடியோவும் காரும் ஏற்கனவே உலகத்தில் இருந்தவைதான். சாதாரண ஆள் வாங்குகிற விலைக்கு அதை எப்படிச் செய்வது என்பதுதான் அவர் போட்ட கணக்கு. டிசைன் என்று நாம எட்டு செமஸ்டர் படிக்கிறதன் சாரமே அதுதானே. கார் ரோட்டுக்கு வரவில்லை. உற்பத்தி செய்ய அரசு லைசென்ஸ் தரவில்லை. யார் என்ன செய்யலாம், எத்தனை செய்யலாம் என்று டெல்லி தீர்மானித்த காலம் அது. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கனவு காண்பது சுலபம். வந்து தோற்றும் போயிருக்கலாம். ஆனால் தோற்கும் வாய்ப்பைக்கூட அந்தக் காருக்குக் கொடுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

இப்போ ஸ்டாப்பிங்குக்கு வருவோம்.

1944-ல் அவர் பஸ் தொழிலிலிருந்து ஒதுங்கினார். ஆய்வு செய்பவர்களுக்கு உதவித்தொகை, தொழிலாளர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் நலத்திட்டங்கள் என்று அறிவித்தார். அடுத்த வருஷம், 1945-ல், கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் அவர் முயற்சியிலும் நன்கொடையிலும் வந்தன. அப்போதைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயர் வைத்தார்கள். ஆர்தர் ஹோப் காலேஜ் ஆஃப் டெக்னாலஜி. மூணாங்கிளாஸோடு நின்றவர் அதன் பிரின்சிபால்.

அது எந்த மாதிரிக் காலம் என்று பாருங்க. மெக்கானிக்கல் படிக்கணும் என்றால் தமிழ்நாட்டுப் பையனுக்கு அதுவரை கிண்டிதான் கதி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் வந்ததும் அதே 1945-ல்தான். காரைக்குடி 1952. நம்ம மதுரைக்கு 1957-ல் கருமுத்து தியாகராசர் திருப்பரங்குன்றத்தில் கல்லூரி தொடங்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்றைக்கு ரிங் ரோட்டைச் சுற்றி எத்தனை இன்ஜினியரிங் காலேஜ் என்று எண்ணினால் விரல் போதாது. அன்றைக்கு ஒரு கல்லூரி என்பது ஒரு வட்டாரத்தின் தலைவிதி.

படித்த பையன்களுக்கு மெஷினில் கை வைக்க ஆசிரியராக நின்ற நாயுடுவுக்கு அங்கே ஒரு விஷயம் பொறுக்கவில்லை. நான்கு வருஷப் படிப்பு. அது பையன்களின் காலத்தை வீணாக்குகிறது என்பது அவர் கட்சி. இரண்டு வருஷம் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தால் போதும், மிச்ச இரண்டு வருஷத்தில் அவன் ஏதாவது ஒன்றைச் செய்துகொண்டிருப்பான் என்று நினைத்தார். அதோடு அவர் குறுகிய காலப் பயிற்சிகளை நம்பியவர். ரேடியோ, மோட்டார் வண்டி போன்றவற்றைக் கையில் பிரித்துப் போட்டுக் கற்றால் வேகமாக வரும் என்பது அவர் சொந்த அனுபவம். ஆங்கிலேய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. பட்டம் என்றால் அதற்கு ஒரு கால அளவு உண்டு, அதைக் குறைக்க முடியாது. அவரும் இறங்கிவரவில்லை. பிரின்சிபால் பதவியை விட்டு விலகிவிட்டார்.

கல்லூரி அரசிடம் போனது, பிறகு தடாகம் ரோட்டுக்கு இடம் மாறியது, பெயரும் மாறியது. இன்றைக்கு கவுன்சலிங்கில் கட்-ஆஃப் எகிறும் ஜி.சி.டி., அரசு தொழில்நுட்பக் கல்லூரி, அதுதான். அவிநாசி ரோட்டில் மிஞ்சியது ஹோப் காலேஜ் என்ற ஸ்டாப்பிங். ஜி.சி.டி.யில் இப்பவும் நான்கு வருஷம்தான்.

இதனால்தான் அந்த ஸ்டேட்டஸ் உறுத்துது. படிப்பு தேவையில்லை என்பதற்கு நாம அவரை சாட்சிக்கு இழுக்கிறோம். படிப்பு தேவையில்லை என்று நினைத்தவர் காலேஜ் கட்டியிருக்க மாட்டார். பதவியை விட்டு விலகும் அளவுக்குப் பாடத்திட்டத்தோடு சண்டை போட்டிருக்கவும் மாட்டார். சும்மா பஸ் லாபத்தை எண்ணிக்கொண்டு இருந்திருப்பார். சர் சி.வி. ராமன் அவரைப் பாராட்டியபோது கல்வியாளர் என்பதைத்தான் முதலில் சொன்னார், தொழிலதிபர் என்பது அதற்குப் பிறகுதான். நோபல் வாங்கிய பேராசிரியர் ஒருவர் பள்ளியைத் தாண்டாத ஒருவரைப் பற்றி அப்படிச் சொன்னார் என்பதை அரியர்காரர்களும் கவனிக்கணும், கிளாஸ் டாப்பர்களும் கவனிக்கணும்.

சரி, நான்கு வருஷம் வீண் என்று அவர் நினைத்தது சரியா?

எங்க தெருவில் ஒரு டூவீலர் ஒர்க்‌ஷாப் அண்ணன் இருக்கார். எட்டாவது பாஸ். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சத்தத்தை வைத்து, டாப்பெட் லூஸா, டைமிங் செயின் தேஞ்சிருக்கா என்று சொல்லிடுவார். மூணாவது வருஷ மெக்கானிக்கல் மாணவனான நான் ஆட்டோ சைக்கிளின் பி-வி படத்தைத் தூக்கத்தில்கூட வரைவேன். என் அப்பா வண்டிக்கு டாப்பெட் செட் பண்ணத் தெரியாது. அவர் முன்னாடி நிற்கும்போது நாயுடு சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று தோணும். ரெண்டு வருஷம்கூட வேண்டாம், ஆறு மாசம் போதும்.

ஆனா 2020-ல் பி.எஸ்.6 வந்து, கார்புரேட்டர் போய், ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் வந்தப்போ அதே அண்ணன் திணறினார். சத்தம் சரியா இருக்கு, மஞ்சள் லைட் அணைய மாட்டேங்குது. ஆக்சிஜன் சென்சார் எதுக்கு, அது யாருக்குத் தகவல் சொல்லுது, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் விகிதம் ஏன் முக்கியம் என்று போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் என்கிட்ட கேட்டார். ஸ்டாய்க்கியோமெட்ரி என்ற பெயரைச் சொல்லாமல், ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் பதினாலே முக்கால் பங்கு காற்று என்று தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். தெர்மோவில் அரியர் வைத்தவன் தெர்மோ பாடம் எடுத்த முதல் நாள் அது. அவர் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டார். நான் அதைப் புரிந்துகொள்ள ஒரு செமஸ்டரும் ஒரு அரியரும் ஆச்சு.

அதனால நாயுடு சொன்னதை நான் பாதிதான் ஏத்துக்கிறேன். அவர் பிரித்த ரட்ஜில் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. இப்போதைய வண்டியில் முக்கியமான பாதி கண்ணுக்குத் தெரியாது. அதைக் கணக்கால்தான் பிடிக்கணும், கணக்கு பழக நாளாகும். ஆனால் நான்கு வருஷத்தில் எத்தனை நாள் நாம கையில் எண்ணெய் படிந்து வீட்டுக்குப் போனோம் என்று அவர் கேட்டால், என்கிட்ட பதில் இல்லை. லேத்துக்கு முன் பதினைந்து பேர் நின்று, ஒருத்தன் டர்னிங் போட, மிச்சப் பேர் அளவைக் காப்பி அடித்த நாட்கள்தான் ஞாபகம் வருது.

அவர் கவனம் தோட்டத்துப் பக்கமும் போனது. ஆள் உயரத்தைத் தாண்டி வளரும் பருத்திச் செடி, பப்பாளி என்று சோதனைகள் செய்தார். கோவையில் தொழிற்பொருள் கண்காட்சி ஒன்றை மாணவர்கள் வந்து பார்ப்பதற்காகவே அமைத்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார். அந்தக் கண்காட்சி அவிநாசி ரோட்டில் இருக்கு. சிம்போசியம் முடிந்த மறுநாள் போனோம். எங்க பேப்பருக்குப் பரிசு கிடைக்கல. அந்தக் கடுப்பில் போனதால் முதல் அரைமணி நேரம் யாரும் பேசிக்கல. அப்புறம் வெளியே வர மனசு வரல.

தம்பி இந்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறான். வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்று முடிவே பண்ணிட்டாங்க. மெக்கானிக்கல் பற்றி என்கிட்ட அபிப்பிராயம் கேட்பதைக்கூட நிறுத்திட்டாங்க. அவன் மட்டும் ராத்திரி மொட்டை மாடியில் கேட்டான், நாலு வருஷம் ஒர்த்தாண்ணே என்று. ஹோப் காலேஜ் கதையைச் சொன்னேன். அவனுக்குப் பதில் கிடைச்ச மாதிரி தெரியல.

நான் இப்போ சனிக்கிழமை சனிக்கிழமை அந்த அண்ணன் ஒர்க்‌ஷாப்புக்குப் போறேன். சம்பளம் இல்ல, டீ உண்டு. போன வாரம் அப்பா வண்டியில் டாப்பெட் கவரைக் கழற்றி, ஃபீலர் கேஜ் விட்டு நானே செட் பண்ணினேன். ஸ்டார்ட் பண்ணினதும் அண்ணன் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார். இன்னும் லேசா டைட்டு என்றார். மறுபடியும் கழற்றினேன்.